கறுப்பு மருந்து பூசிய பாற்பல்லில் அடைப்பு ஒட்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கத்தில் சிறுபிள்ளைகளுக்குப் பல் பார்க்கிற வேலை எனக்கு. கிளினிக் வாசலில் கிடக்கிற வாங்கிலும், தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற பிள்ளைமடுவத்திலும், வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸிலும் கூட அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இருக்கின்றன. "கறுப்பு மருந்து" என்று எங்கள் பக்கம் சொல்வது சில்வர் டயமின் புளோரைட் என்ற திரவத்தை. சூத்தைக் குழியில் ஒரு துளி தொட்டு வைத்தால் குழி கறுத்துப் போகும், அதனால் அந்தப் பெயர்.

"விழப்போற பல்லுதானே மிஸ், அதுக்கு எதுக்கு அடைப்பு?"

முன்பல் ஆறேழு வயதில் விழுந்துவிடும், சரி. கடைவாய்ப் பாற்பல் அப்படி இல்லை. கடைசியில் இருக்கிற பாற்பல் இரண்டு, இரண்டரை வயதில் முளைத்துப் பத்துப் பன்னிரண்டு வயது வரை நிற்கும். மூன்று வயதில் அதில் சூத்தை வந்தால், இன்னும் ஏழெட்டு வருஷம் பிள்ளை அந்தப் பல்லால்தான் ரொட்டியைக் கடிக்க வேண்டும்.

அவசரப்பட்டுப் பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கீழே காத்திருக்கிற நிரந்தரப் பல் பிறகு வழியில்லாமல் கோணலாக முளைக்கும். விழப்போகிற பல்தான், ஆனால் விழுகிற நாள் வரைக்கும் அதற்கு வேலை இருக்கிறது.

"கறுப்பு மருந்து பூசிட்டாங்க, ஓட்டை அப்படியே இருக்கே?"

அப்படியேதான் இருக்கும். மருந்து சூத்தையை நிறுத்துமே ஒழிய குழியை மூடாது. அதிலுள்ள வெள்ளி கிருமிகளைக் கொல்கிறது. புளோரைட், இளகிப்போன பல்லை மறுபடி இறுக வைக்கிறது. நாங்கள் பூசுவது 38 சதவீதக் கரைசல். அதில் மில்லியனுக்கு 44,800 பங்கு புளோரைட் இருக்கிறது. கடையில் வாங்குகிற பற்பசையில் 1,000 முதல் 1,500 வரைதான். அதனால்தான் துளியளவோடு நிறுத்துகிறோம். குழி கறுத்து, கருவியால் தொட்டுப் பார்க்கும்போது கல் மாதிரி இருந்தால் மருந்து பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு தரம் பூசினால் போதாது. ஹொங்கொங்கில் முன்பள்ளிப் பிள்ளைகளிடம் 30 மாதம் நடத்திப் பார்த்த ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பூசியபோது நூறு சூத்தைகளில் சுமார் 76 நின்றன. வருஷத்துக்கு ஒரு தடவை பூசியபோது சுமார் 67. எல்லாக் குழியையும் அடைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரஷ் எட்டுகிற ஆழமில்லாத குழியை நான் அப்படியே விட்டுவிடுவேன். சோறு போய் அடைகிற குழி, இரண்டு பல்லுக்கு நடுவில் உள்ள குழி, நரம்புக்குக் கிட்டப் போன குழி, இவற்றுக்குத்தான் அடைப்பு.

"கறுத்துப்போன பல்லுல எது மிஸ் ஒட்டும்?"

அடைப்பு இரண்டு விதமாகப் பல்லைப் பிடிக்கும். கிளாஸ் அயனோமர் என்ற சீமெந்து இரசாயனமாகப் பிடிக்கிறது. அது கண்ணாடித் தூளும் ஓர் அமிலத் திரவமும் கலந்த கலவை. லண்டன் அரசாங்க இரசாயன ஆய்வுகூடத்தைச் சேர்ந்த வில்சனும் கென்டும் 1970களின் தொடக்கத்தில் வெளியிட்டது. அந்த அமிலம் பல்லிலுள்ள கல்சியத்தோடு நேராகக் கைகோர்த்துக்கொள்ளும். கல்சியம் இருக்கிற இடமெல்லாம் அதற்குப் பிடிமானம்தான்.

வெள்ளை பில்லிங் என்று சொல்கிற கம்போசிட் வேறு வகை. முதலில் ஓர் அமிலத்தால் பல்லைச் சொரசொரப்பாக்கி, மேலே நீர்த்த பசையைப் பூசுவார்கள். பசை பல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி, லைட் அடித்ததும் அங்கேயே இறுகிவிடும். சரிவில் நிற்கிற தேயிலைச் செடியின் வேர் மண்ணைப் பிடிக்கிற மாதிரி. வேர் இறங்க மண் இளக்கமாக இருக்க வேண்டுமே, இங்கே அதுதான் சிக்கல். கறுப்பு மருந்து பூசிய பல்லில் அந்தத் துளைகளின் வாயை வெள்ளித் துகளும் புளோரைட் படிவும் அடைத்திருக்கும். சூத்தை நின்று இறுகிய பல்லில், துளைகள் தாதுப் பொருளாலும் நிரம்பிப் போயிருக்கும். மருந்து பல்லை நன்றாக இறுக்கினால் பசைக்கு வழி குறைந்துவிடுகிறது.

ஆகவே என் பதில்: கறுத்த பாற்பல்லுக்கு முதலில் யோசிக்க வேண்டியது கிளாஸ் அயனோமரைத்தான். மருந்து பூசியதால் அதன் பிடிப்பு குறைவதாகப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கறுப்பு மருந்தையும் கிளாஸ் அயனோமரையும் ஒன்றாகவே சேர்த்தது.

"அப்ப வெள்ளை பில்லிங் ஒட்டவே ஒட்டாதா?"

ஒட்டாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒட்டும், பிடிப்புதான் குறையலாம். எவ்வளவு குறையும் என்பது செய்கிறவர் கையில் இருக்கிறது. மருந்தைப் பூசிய கையோடு, கழுவாமல் பசை வைத்தால் மோசம். தண்ணீரால் நன்றாகக் கழுவினால் பெருமளவு மீண்டுவிடும். மேற்பரப்பை லேசாகச் சுரண்டியோ தேய்த்தோ எடுத்தால் இன்னும் நல்லது.

தனியாக அமிலம் போடாமல் பசையே அமிலமாகவும் வேலை செய்கிற வகை ஒன்று உண்டு. கறுப்பு மருந்து காரத்தன்மை உள்ளது. அது மிச்சமிருந்தால் அந்தப் பசையின் புளிப்பைக் கெடுத்துவிடும். அதனால் இப்படிப்பட்ட பல்லுக்கு அமிலத்தைத் தனியாகப் போட்டுக் கழுவுகிற பழைய முறைதான் எனக்குத் தைரியமாக இருக்கிறது. பாற்பல்லின் டென்டீன், அதாவது வெளி ஓட்டுக்கு உள்ளே இருக்கிற பகுதி, மெல்லியது, தாதுச் செறிவும் குறைவு. பெரியவர்களின் பல்லுக்கு அமிலம் வைக்கிற நேரத்தில் பாதியே போதும். கூட வைத்தால் அமிலம் ஆழமாக அரித்து, பசை எட்டாத இடம் மிஞ்சிவிடும்.

"மருந்தையும் அடைப்பையும் ஒரே நாள்ல முடிச்சிர முடியாதா? ரெண்டு நாள் வந்தா ரெண்டு பேர் போயிடும்."

தோட்டத்தில் "பேர்" என்றால் ஒரு நாள் சம்பளம். இந்தக் கேள்வியை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். கொழுந்து எடுக்கிற தாய்க்கு இரண்டாவது வருகை என்பது சும்மா வந்துபோகிற விஷயம் இல்லை.

முடியும். கிளாஸ் அயனோமராக இருந்தால் மருந்து பூசி, ஊற விட்டு, கழுவி, ஒற்றி எடுத்து, அன்றைக்கே அடைக்கலாம். ஒன்றிரண்டு வாரம் விட்டு அடைத்தால் இரண்டு இலாபம். பசை வைக்கிற அடைப்பானால் பிடிப்புக்கு நல்லது, சூத்தை உண்மையிலேயே நின்றதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். முழுக்க இறுகாமல் பஞ்சு மாதிரி இருக்கிற அடித்தளத்தில் எதை வைத்தாலும் நிற்காது. கிட்டத்தில் இருக்கிற தாயை இரண்டு தரம் வரச் சொல்வேன். மூன்று மைல் நடந்து மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் பிடிக்கிறவரை அன்றைக்கே முடித்து அனுப்பிவிடுவேன். வராமலே போகிற இரண்டாவது நாளால் பல்லுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

"போன தரம் வச்சது மூணு மாசத்துல விழுந்திருச்சு. மருந்துதான் சரியில்லையா?"

மருந்தைக் குறை சொல்ல முன்னால் குழி எங்கே இருந்தது என்று பாருங்கள். கருவியால் மட்டும் சுத்தம் செய்து கிளாஸ் அயனோமர் வைக்கிற முறையில், பாற்பல்லின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்த அடைப்புகளில் நூற்றுக்குச் சுமார் 94 இரண்டு வருஷம் நின்றன. பல்லின் மேலும் பக்கமும் சேர்ந்த அடைப்புகளில் சுமார் 65தான் நின்றன. உலக அளவில் சேர்த்துப் பார்த்த கணக்கு இது. இரண்டு பல்லுக்கு நடுவில் உள்ள குழிக்கு ஒரு பக்கம் சுவரே இல்லை, கடிக்கிற பாரம் முழுக்க ஓரத்தில் விழுகிறது.

அடுத்த காரணம் எச்சில். அழுகிற பிள்ளையின் வாயில் பஞ்சு இரண்டு நிமிஷத்தில் நனைந்துவிடும். நனைந்த பல்லில் கிளாஸ் அயனோமரும் தடுமாறும், கம்போசிட் அதைவிட மோசம். பூசிய பசைக்கு மேல் எச்சில் பட்டால் கழுவி முதலிலிருந்து தொடங்க வேண்டும். முரசில் (ஈறில்) இரத்தம் கசிந்தாலும் இதே கதைதான்.

மூன்றாவது காரணம் எங்கள் மலைக்கே உரியது. நான் வேலைக்கு வந்த முதல் வருஷம், ஒரு ஜனவரிக் காலை, நுவரெலியா பக்கத்து முகாம் ஒன்று. கை விறைக்கிற குளிர். கலவை இறுகுகிற நேரம் என்று தாளில் போட்டிருந்ததை நம்பி பஞ்சை எடுத்துவிட்டேன். அன்றைக்கு வைத்ததில் பல, பிள்ளைகள் வீடு போய்ச் சேருமுன் விழுந்துவிட்டன. கிளாஸ் அயனோமர் குளிரில் மெதுவாகத்தான் இறுகும். திரவமும் தடித்துத் துளி சரியாக விழாது. இப்போது போத்தலைச் சட்டைப் பையில் வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொள்கிறேன், கூடுதல் நேரம் பிடித்து வைக்கிறேன். மழைக் காலத்தில் தூள் போத்தலைத் திறந்து வைப்பதும் கிடையாது, ஈரம் பட்டால் தூள் கெட்டுப்போகும். அன்றைக்கு அந்தப் பிள்ளைகளின் தாய்மார் மருந்தைத் திட்டினார்கள், பிழை என்னுடையது.

"சூத்தையை முழுசா சுரண்டாம மூடிட்டாங்க. உள்ள புழு இருக்காதா?"

புழு என்று ஒன்று கிடையாது, கிருமிதான். அடைப்பு காற்றுப் புகாமல் நின்றால் உள்ளே மிஞ்சிய கிருமிக்குச் சீனி கிடைக்காது, அப்படியே அடங்கிவிடும். நரம்புக்கு மேலே இருக்கிற தோல் மாதிரியான பகுதியை வேண்டுமென்றேதான் விட்டு வைக்கிறோம். அதையும் சுரண்டினால் நரம்பு திறந்துவிடும். பாற்பல்லில் நரம்பு மேற்பரப்புக்கு ரொம்பக் கிட்ட இருக்கிறது.

சுரண்டாமல் விடக் கூடாத இடமும் ஒன்று உண்டு, குழியின் ஓரம். அடைப்பு பிடிப்பதும் கசிவைத் தடுப்பதும் அங்கேதான். நடுவில் கொஞ்சம் இளக்கம் இருந்தாலும், சுற்றுவட்டம் சுத்தமான, திடமான பல்லாக இருந்தால் போதும்.

"வலிக்குதுன்னு வீட்டுல கராம்பு எண்ணெய் வச்சோம். பரவாயில்லையா?"

மாத்தளை, கண்டிப் பக்கம் கராம்பு இல்லாத வீடு குறைவு, வைக்காதீர்கள் என்றாலும் வைப்பீர்கள். வைத்தால் வந்ததும் சொல்லிவிடுங்கள். கராம்பிலுள்ள யூஜினோல் என்ற பொருள் கம்போசிட்டை ஒழுங்காக இறுக விடாது. எண்ணெய்ப் பசையில் கிளாஸ் அயனோமரும் பிடிக்காது. ஆஸ்பத்திரியில் தற்காலிகமாக வைக்கிற கராம்பு வாசமுள்ள வெள்ளை மருந்திலும் இதே யூஜினோல்தான். அதன் மேல் நேரடியாக வெள்ளை பில்லிங் வைக்கக் கூடாது. அதை எடுத்துவிட வேண்டும், அல்லது நடுவில் கிளாஸ் அயனோமர் அடுக்கு ஒன்று போட வேண்டும்.

"பொம்பளப் புள்ள மிஸ், முன்பல் கறுப்பா இருந்தா எல்லாரும் சிரிக்கிறாங்க. வெள்ளையா மறைக்க ஏலாதா?"

மருந்து பூச முன்னமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பூசுகிறவர் முன்னமே சொல்லியிருக்கவும் வேண்டும். கறுத்த இடம் திரும்ப வெள்ளையாகாது. கம்போசிட்டை மெல்லிசாக வைத்தால் அடியில் இருக்கிற கறுப்பு சாம்பல் நிறமாகத் தெரியும். கிளாஸ் அயனோமர் கொஞ்சம் மங்கலாக, ஒளி ஊடுருவாமல் இருப்பதால் அடி அடுக்காக அதை வைத்து, மேலே கம்போசிட் வைத்தால் மறைப்பு நன்றாக இருக்கும். பிடிப்புக்கும் அதுவே நல்ல வழி.

கறுப்பைக் குறைக்கப் பொட்டாசியம் அயடைட்டை மேலே பூசுகிற முறையும் உண்டு. வெளிறிய மஞ்சள் படிவு ஒன்று வரும், அதை நன்றாகக் கழுவாவிட்டால் பசையின் பிடிப்பு மறுபடி சிக்கலாகும். தைரொய்ட் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைப் பூசுவதில்லை. முன்பல்லுக்கு மட்டும் கறுப்பு மருந்தைத் தவிர்த்து, கடைவாய்க்குப் பூசச் சொல்லியும் கேட்கலாம், தப்பில்லை.

"இரும்புத் தொப்பி மாதிரி ஒண்ணு போடுறாங்களே, அது எதுக்கு?"

அது துருப்பிடிக்காத உருக்குக் கவசம். மேலே சொன்ன, இரண்டு பல்லுக்கு நடுவில் உள்ள குழிகளுக்கு அதுதான் உறுதி. ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் நோர்னா ஹோல் என்ற பல் வைத்தியர், ஊசியும் இல்லாமல், துளைக்கவும் செய்யாமல் இதைப் பொருத்திய அனுபவம் 2006இல் வெளிவந்ததும் உலகம் முழுக்கப் பரவியது. கவசத்துக்குள் கிளாஸ் அயனோமரை நிரப்பிப் பல்லின் மேல் அழுத்திவிட வேண்டியதுதான். பல் முழுவதையும் சுற்றிப் பிடிப்பதால், கறுத்த குழியில் பசை பிடிக்குமா என்ற கவலையே வேண்டாம். முதல் சில நாள் கடிக்கும்போது உயரமாகத் தோன்றும், வாரக்கணக்கில் தானாகச் சரியாகும்.

"பழைய வெள்ளி அடைப்புத்தானே பல வருஷம் நின்னுச்சு, அத ஏன் விட்டுட்டாங்க?"

அது அமல்கம், பாதரசம் கலந்தது. பல்லில் அது ஒட்டுவதே இல்லை. அடி அகலமாகக் குடைந்து பூட்டினால்தான் நிற்கும், பாற்பல்லில் அப்படிக் குடைய இடம் போதாது. பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்துகிற மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2022இல் எடுத்த முடிவுப்படி, பாற்பல்லிலும் 15 வயதுக்குக் குறைந்தவர்களிலும், வைத்தியர் அவசியம் என்று கருதினாலொழிய, அதைத் தவிர்க்க வேண்டும்.

"அனுராதபுரப் பக்கம் தண்ணீல புளோரைட் கூடிப் பல் பழுதாகுதாம். நீங்க புளோரைட்டையே பூசுறீங்களே?"

வரண்ட வலயக் கிணறுகளில் புளோரைட் கூடுதல்தான். பல் உருவாகிற வயதில் வருஷக்கணக்காக அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லில் வெள்ளை, காவித் திட்டு விழும். எங்கள் மலை ஊற்றுத் தண்ணீரில் புளோரைட் குறைவு. வருஷத்துக்கு இரண்டு தரம் ஒரு பல்லில் துளி தொடுவதும் அதுவும் ஒன்றல்ல. புளோரைட் பற்பசையை நிறுத்த வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழே அரிசி மணி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு.

"ராத்திரி முழுக்க அழுகிறான். கறுப்பு மருந்து பூசி அடைச்சா நின்னுடுமா?"

நிற்காது. தானாக வருகிற வலி, தூக்கத்தில் எழுப்புகிற வலி, முரசில் கொப்புளம், கன்ன வீக்கம், இவை எல்லாம் நரம்பு கெட்டுப்போன அடையாளம். அதை மூடினால் உள்ளே சீழுக்கு வழியில்லாமல் வலி கூடும். நரம்புச் சிகிச்சையோ பிடுங்குவதோ வேண்டும், பேராதனை பல் போதனா வைத்தியசாலை மாதிரியான இடத்துக்கு அனுப்ப வேண்டியும் வரலாம். வீக்கத்தோடு காய்ச்சலும் இருந்தால் மறுநாள் கிளினிக்குக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

"அக்கா, பிடிப்பு குறையுதுன்னு ஓர் ஆய்வு, குறையலன்னு இன்னோர் ஆய்வு. எதை நம்புறது?"

பயிற்சிக்கு வந்த தங்கச்சி ஒருத்தி கேட்டது. ஆய்வில் பல்லை எடுத்து, அடைப்பை ஒட்டி, இழுத்துப் பிய்க்க எவ்வளவு பலம் வேண்டும் என்று அளக்கிறார்கள். முதலில் அது எந்தப் பல் என்று பார். பலதும் பெரியவர்களின் நல்ல பல்லில் செய்தவை, நம் கையில் இருப்பது சூத்தை பட்ட பாற்பல். பிறகு, மருந்தைக் கழுவினார்களா, எத்தனை நாள் விட்டார்கள், எந்த வகைப் பசை என்று பார். முரண்பாட்டில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும், நாலாவது பதிலில் சொன்னதெல்லாம் அதுதான்.

இன்னொன்று, அடைப்பு எந்த இடத்தில் பிய்ந்தது என்றும் பார்க்க வேண்டும். கிளாஸ் அயனோமரில் பல தடவை ஒட்டிய இடம் அப்படியே இருக்கும், சீமெந்து நடுவில் உடைந்திருக்கும். அளந்த பலத்தின் எண் சின்னதாக வந்தாலும் பல்லின் மேல் ஒரு படலம் மிஞ்சி நிற்கும். வாயில் விழுந்துபோன அடைப்புக்குக் கீழேயும் அந்தப் படலத்தை நான் பார்த்திருக்கிறேன். கம்போசிட்டுக்கு எண் பெரிதாக வரலாம், ஆனால் விட்டால் மொத்தமாக விட்டுவிடும்.

"ஆடுற பல்லு மிஸ். அடைப்பு விழுந்திருச்சு, திரும்ப வைக்கணுமா?"

வேண்டாம். குழி கறுத்துக் கல்லாக இருக்கிறது, வலியில்லை, பல்லும் ஆடுகிறது என்றால் அப்படியே விடுங்கள். சோறு அடைந்தால் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஒரு பேரை இழந்து அதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.